சீட்டு போடுபவளின் சுண்டுவிரல்

தூங்கிவிடக் கூடாது. இந்த மனிதர் பேசி முடிக்கும்வரை கண்ணைத் திறந்து வைத்திருந்தால் போதும். அப்புறம் தலையை ஆட்ட வேண்டும், ‘பார்க்கிறேன்’ என்று சொல்ல வேண்டும், கதவுவரை போய் வழியனுப்ப வேண்டும். எதையாவது தொலைத்துவிட்டு இத்தனை பேர் வருகிறார்களே, ஒருவராவது வைத்த இடத்தில் ஒருமுறை தேடிப் பார்த்துவிட்டு வரக் கூடாதா.

மோயா லவல் இப்படி நினைத்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரியவில்லை. துப்பறியும் தொழிலில் இத்தனை வருடங்களில் அவள் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அது ஒன்றுதான்: அக்கறையாகக் கேட்பதுபோல் உட்கார்ந்தபடி ஓய்வெடுப்பது.

ஹோபார்ட்டில், மூனா கடைத்தெருவில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அவள் அலுவலகம். உலகின் அந்தத் தென்கோடியில் ஜூன்தான் குளிர்காலம். மலைமேல் இரண்டு நாளாகப் பனி. ஹீட்டரில் இரண்டு கம்பிகளில் ஒன்று மட்டும் சிவந்திருந்தது. எதிரே உட்கார்ந்திருந்த ஏட்ரியன் மெல்டன் கம்பளிக் கோட்டைக் கழற்றாமல், மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினார்.

“என் கேமைத் திருடிட்டாங்க, மிஸ் லவல். போன வருஷம் என் கம்பெனியில செஞ்சது. எழுபதுகள்ல இருந்த கேசினோ மாதிரி ஒரு சீட்டாட்டம். இப்ப யாரோ அதை இன்டர்நெட்ல இலவசமா போட்டிருக்காங்க. பேடிமெலன்கிற பேர்ல.”

“பேடிமெலனா?” என்றான் டெஸ் ஹான்லன், ஹீட்டரின் அருகிலிருந்து. “எங்க வீட்டுக் கீரைப்பாத்தியை ராத்திரியோட ராத்திரியா மேய்ஞ்சுட்டுப் போறதும் அந்தக் குட்டை வாலபிக் கங்காருதான். கம்ப்யூட்டரும் கத்துக்கிச்சா?”

டெஸ் அவளுடைய உதவியாளன். அறுபத்திரண்டு வயது. அதற்கு முன் இருபது வருடம் கேசினோவில் சீட்டு போடுகிற டீலராக நின்றவன். முழங்கால்கள் போன பிறகு, உட்கார்ந்து செய்கிற வேலை என்று நம்பி இங்கே வந்து சேர்ந்தான்.

மெல்டன் சிரிக்கவில்லை. திரையில் விளையாட்டு ஓரிடத்தில் நிறுத்தப்பட்டிருந்தது. பெரிய பெரிய சதுரப் புள்ளிகளால் ஆன பழைய பாணிப் படம். ஆரஞ்சுக் கம்பளம், பச்சை மேசை, மேசைமேல் இரண்டு கைகள். இடது கையின் சுண்டுவிரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது. அவ்வளவு பெரிய சதுரங்களில் விரலை நேராக வரைவது சிரமம்தான் என்று மோயா நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கையின் மேல் மெல்டன் தன் விரலை வைத்தார். “இதைப் பாத்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“உங்களோடதுன்னு?”

“ஆமா. என்னோடது.” விரலை எடுக்கவில்லை. “ஆள் எங்க இருக்காங்கன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடுங்க. ஊரும் தெருவும் போதும். வக்கீல் நோட்டீஸ் அனுப்பணும், அவ்வளவுதான்.”

மோயா தலையை ஆட்டினாள். ‘பார்க்கிறேன்’ என்றாள். கதவுவரை போய் வழியனுப்பினாள்.

*

மறுநாள் காலை அவள் வந்தபோது டெஸ் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்து சீட்டு போட்டுக்கொண்டிருந்தான், திரையில்.

“பாஸ், இது வேற மாதிரிக் கேம். உலகத்துல இருக்கிற எல்லாச் சீட்டு கேம்லயும் நாம தோத்துப்போற முட்டாள். இதுல நாமதான் டீலர்.”

“ஜெயிக்கிறது எப்படி?”

“ஜெயிக்கவே முடியாது. குடிகாரன் வருவான், அழுறவன் வருவான், நம்ம பேரைச் சொல்லித் திட்டுறவன் வருவான். எல்லாருக்கும் ஒழுங்கா சீட்டு போடணும். ஷிஃப்ட் முடிஞ்சதும் இப்படி.”

ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் இருந்த கைகள் ஒருமுறை லேசாகத் தட்டிக்கொண்டன. உள்ளங்கைகள் மேலே திரும்பின, பிறகு கீழே. கைகள் மேசையை விட்டு விலகின. ஒரு கதவு திறந்தது. ஆட்டம் முடிந்தது.

மோயாவுக்கு அந்தச் சைகை நன்றாகத் தெரியும். டெஸ் சாண்ட்விச் தின்று முடித்தாலும் அப்படித்தான் எழுந்திருப்பான். மேசையை விட்டுப் போகும் டீலர் கையில் எதையும் மறைக்கவில்லை என்று கூரையில் இருக்கும் கேமராவுக்குக் காட்ட வேண்டும். தன் தங்கையின் கல்யாணத்தில், தேவாலயத்தில், மணமகள் கையைப் பிடித்துக்கொடுத்துவிட்டு டெஸ் அதைச் செய்ததாக ஒரு கதை உண்டு.

“வெளியில நின்னு பாத்தவன் இதை வரையமாட்டான்,” என்றான் டெஸ். “மேசையில நின்னவன் வரைஞ்சது. வா, உள்ள காட்டுறேன்.”

“உள்ளேயா?”

“இந்த ஆள் வீட்டைக் கட்டிட்டுப் பூட்டு போடலை, பாஸ். இதைச் செஞ்ச எஞ்சின், அதான் கேம் செய்யுற சாஃப்ட்வேர், அதுவே யார் வேணா சும்மா எடுத்துக்கலாம், திறந்து பாக்கலாம்கிற ரகம். நேத்து நானும் இறக்கிக்கிட்டேன். கேமையும் அதே மாதிரி திறந்தே வெச்சிருக்கு நம்ம பேடிமெலன். இதோ, அறைக்குக் கீழ மேசை, மேசைக்குக் கீழ கை, கைக்குக் கீழ விரல். கிளை மாதிரி ஒன்னுலேர்ந்து ஒன்னு தொங்குது. இது சீட்டுப் படம். பாரு.”

ஒரே படத்தில் எல்லாச் சீட்டுகளும் வரிசையாக இருந்தன. ஏழு, எட்டு, ஒன்பது, பத்து. அதன் பிறகு பதினொன்று. பன்னிரண்டு.

“ஆடுறது இருபத்தொன்னு,” என்றான் டெஸ். “அதுல பதினொன்னுன்னு ஒரு சீட்டு வந்தா கேசினோக்காரன் ஒரே வாரத்துல கடையைச் சாத்திட்டு ஆடு மேய்க்கப் போயிடுவான். கேம்ல இந்தச் சீட்டுங்க வரவே இல்லை. ஆனா வரைஞ்சிருக்கு.”

“ஆறு பேர் ஆடுற ஃபைவ் ஹண்ட்ரட்ங்கிற ஆட்டத்தோட கட்டு,” என்றாள் மோயா. ஆறு பேருக்குச் சாதாரணக் கட்டுப் பத்தாது. அதற்காகவே கூடுதல் எண்களோடு அச்சிட்ட கட்டு அது. அவள் அத்தையின் கிளப்பிலும் ஒன்று இருந்தது. “கையில கிடைச்ச கட்டைப் பக்கத்துல வெச்சு ஒவ்வொன்னா பாத்து வரைஞ்சிருக்காங்க. நிறுத்தத் தோணலை.” பிறகு குனிந்து பார்த்தாள். “டைமன் ஏழுல ஒரு மூலை காணோமே.”

“காணோம். எலி கடிச்ச மாதிரி. அதையும் விடாம வரைஞ்சிருக்கு மகராசி.”

“மகராசின்னு எப்படிச் சொல்றே?”

“ஆம்பளை டீலர் எவனும் நகத்துக்கு இவ்வளவு கவனம் எடுத்து நிழல் போடமாட்டான். இப்ப சத்தத்தைக் கேளு.”

கேசினோ கூடத்தின் இரைச்சல். கண்ணாடிக் குவளைகள், சிரிப்பு, நாற்காலி இழுபடும் ஓசை. மோயா கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். கண்ணை மூட ஒரு நியாயம் கிடைத்ததில் நிம்மதியாகக்கூட இருந்தது. இரைச்சலுக்கு வெகு பின்னால் வயதான ஒரு குரல், ஒலிபெருக்கியில்: ‘நீலச் சீட்டு, சி நாற்பத்தேழு. சி நாற்பத்தேழு யாரு? கறித் தட்டு இங்க காத்துக்கிட்டு இருக்கு, வீட்டுக்குக் கொண்டு போங்கப்பா.’ தொடர்ந்து, தட்டைக் கொடுத்த கறிக்கடைக்காரரின் பெயர்.

மோயா கண்ணைத் திறந்தாள்.

“எந்தக் கேசினோவுல கறித் தட்டுக்குக் குலுக்கல் போடுறாங்க?” என்றான் டெஸ். “கூட்டச் சத்தம் வேணும்னு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்புல போய்ப் பதிவு பண்ணிருக்கு. குலுக்கல் காதுலயே விழலை. வாராவாரம் கேக்குறவங்களுக்கு அது சத்தமே இல்லையே, காத்து மாதிரி.”

கறிக்கடைக்கு அவனே போன் போட்டான். ஐந்து நிமிடம் ஆட்டுத் தொடையைப் பற்றிப் பேசிவிட்டு, அந்தத் தட்டு போகும் ஒரே கிளப்பின், புல்தரையில் பந்து உருட்டி ஆடும் பவுல்ஸ் கிளப் ஒன்றின், பெயரோடு திரும்பினான். அது தெற்கே, ஆற்றோரம் ஒரு சின்ன ஊரில் இருந்தது. ஊரின் பெயரை மோயா பிற்பாடு யாரிடமும் சொல்லவில்லை. நாமும் சொல்ல வேண்டாம்.

“வெள்ளிக்கிழமைதானே இன்னிக்கு,” என்றாள் அவள், கோட்டைத் தேடியபடி. இவ்வளவு சுலபமாக ஒரு வழக்கு முடிவது அவளுக்குப் பிடிக்கவில்லை. சுலபமாக முடிந்தவைதான் பிறகு நெஞ்சில் ஏறி உட்காரும்.

*

கிளப்பில் ஆரஞ்சுக் கம்பளம். விளையாட்டில் இருந்த அதே வட்டங்கள், அதே பழுப்புக் கரை.

டெஸ்ஸுக்கு நண்பர்கள் கிடைக்கப் பத்து நிமிடம் போதும். மூலை மேசையில் ஃபைவ் ஹண்ட்ரடுக்கு ஆறாவது ஆள் வரவில்லை, அவன் உட்கார்ந்துவிட்டான். மோயா அவனுக்குப் பின்னால் சிப்பிக் கறி அடைத்த ஒரு ரொட்டிப் பலகாரத்தைத் தின்றபடி நின்றாள். இரண்டாவது சுற்றில் அவன் கைக்கு டைமன் ஏழு வந்தது. மூலை இல்லாத ஏழு.

“இதுக்கு என்ன ஆச்சு?” என்றான் டெஸ். “பசியில யாராவது தின்னுட்டீங்களா?”

பக்கத்தில் இருந்த கிழவி தன் காலடியில் படுத்திருந்த நாயைப் பார்த்தாள். “இவன்தான். ஈஸ்டர் அன்னிக்கு. ராணியைக் கடிக்க வந்தான், ஏழுதான் மாட்டுச்சு.”

“போன வருஷ ஈஸ்டரா?” என்றாள் மோயா.

“போன வருஷம் இவன் பொறக்கவே இல்லைம்மா.”

மோயாவின் வாயில் இருந்த கவளம் ஆறிப்போயிற்று. ஈஸ்டர் முடிந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. நாய் கடித்த சீட்டைப் பார்த்து வரைந்த விளையாட்டை, மெல்டன் போன வருடமே தன் கம்பெனியில் எப்படிச் செய்திருக்க முடியும்? அப்படியானால் திருடப்பட்டது எது? ‘என்னோடது’ என்றாரே, அப்போது அவர் விரல் எதன்மேல் இருந்தது?

களைப்பு ஒரு வகைக் குருட்டுத்தனம். நேற்று அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

ஆட்டம் முடிந்து டெஸ் எழுந்தான். பழக்கம் விடவில்லை: ஒரு தட்டு, உள்ளங்கை மேலே, உள்ளங்கை கீழே. பாரின் பின்னால் கல்லாவை மூடிக்கொண்டிருந்த பெண் அதைப் பார்த்தாள். நாற்பது வயது இருக்கும், குட்டையாக வெட்டிய முடி. அவள் கல்லாவை விட்டு விலகினாள். தன்னை அறியாமல் அவள் கைகளும் லேசாகத் தட்டிக்கொண்டன, மேலே திரும்பின. இடது சுண்டுவிரல் நடுக்கணுவில் வெளிப்பக்கமாக மடங்கியிருந்தது.

மோயா திரும்பி டெஸ்ஸைப் பார்த்தாள். அவன் ஏதாவது சொல்லித் தொலைக்கட்டும் என்று காத்திருந்தாள். அந்தப் பெண் போன சமையலறைப் பக்கம் அவன் நடந்தான்.

*

சமையலறையில் உருளைக்கிழங்கு பொரிந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் பெயர் இமோஜன். மோயா தான் யார் என்று சொன்னதும், அவள் கேட்ட முதல் கேள்வி இதுதான்:

“ஏட்ரியன் அனுப்பினானா?”

“அவர் கேமைத் திருடிட்டதா சொன்னார்.”

“எந்த கேம்? அவன் வீட்டுல என்னைக் கம்ப்யூட்டரைத் தொடவே விடமாட்டான். டீலர் வேலையையும் விட வெச்சான்.” கூடையைத் தூக்கி எண்ணெயை வடித்தாள். வேலை தெரிந்த கை. “கோர்ட் உத்தரவு இருக்கு, என்னைத் தேடக் கூடாதுன்னு. அதான் உங்களைத் தேட வெச்சிருக்கான்.”

“எனக்குத் தெரியாது,” என்றாள் மோயா. சொன்ன பிறகு அது எவ்வளவு சின்னச் சொல் என்று தோன்றியது.

“தெரிஞ்சிருக்காது. நல்லாப் பேசுவான்.” இமோஜன் விரலைப் பார்த்துக்கொண்டாள். “ஆஸ்பத்திரியில கார் கதவுன்னு சொன்னோம். அவன் மட்டும் இல்லை, நானும்தான் சொன்னேன்.”

பொரித்த கிழங்கின் மேல் உப்பைத் தூவினாள். டெஸ் வாசற்படியில், கூடத்துக்கு முதுகைக் காட்டி, கதவை அடைத்தாற்போல் நின்றிருந்தான்.

“நல்ல கேம்,” என்றான் திரும்பாமலே. “அந்த அழுற ஆள் இருக்கானே, அவனுக்கு நான் நிஜமாவே சீட்டு போட்டிருக்கேன். கையில பதினாறு இருக்கும்போதே இன்னொன்னு கேட்டுத் தோப்பான்.”

“எல்லா ஊர்லயும் இருப்பான் அவன்.” முதல்முறையாக அவள் சிரித்தாள். “பகல்ல கிளப் காலியா இருக்கும். அந்தப் பின்னறையில உக்காந்து, வீடியோ பாத்துப் பாத்துக் கத்துக்கிட்டேன். முதல்ல ஒரு தப்புப் பண்ணினேன். சீட்டைக் கலைக்கிறதுக்கு முன்னாடி எஞ்சினுக்கு ஒரு வரி சொல்லணும், ஒவ்வொரு தடவையும் புதுசா கலைன்னு. அதை எழுதலை. எப்பத் திறந்தாலும் அதே வரிசையில சீட்டு வரும். முதல்ல ஸ்பேட் ஒன்பது, அப்புறம் கிளாவர் ராணி.”

“எல்லாரும் பண்ற தப்பு போல,” என்றாள் மோயா.

“ஆமா. இன்டர்நெட்ல ஆடினவங்க சொல்லித் திருத்தினாங்க. ஆனா ரெண்டு வாரம் அப்படியே வெச்சிருந்தேன். தினமும் திறந்து போட்டுப் பாப்பேன். அடுத்து என்ன வரும்னு தெரிஞ்ச ஒரு மேசை. அப்படி ஒரு இடத்துல நான் உக்காந்ததே இல்லை.”

மோயாவுக்கு உட்கார வேண்டும்போல் இருந்தது. மாவு மூட்டையின் மேல் உட்கார்ந்தாள். தான் செய்ய வேண்டியதைச் சொன்னாள்: மெல்டன் தன்னை வைத்துத் தேடியதைக் காவல்துறையில் சொல்லியாக வேண்டும். இமோஜன் தலையசைத்தாள். அப்புறம் மோயா குலுக்கல் குரலைப் பற்றிச் சொன்னாள். இமோஜன் அலைபேசியை எடுத்துத் தன் விளையாட்டைப் போட்டு, காதருகே வைத்துக் கேட்டாள். நீலச் சீட்டு, சி நாற்பத்தேழு. இன்னொரு முறை போட்டுக் கேட்டாள்.

“இத்தனை நாளா கேக்குறேன். இது என் காதுல விழவே இல்லை.”

“அவர் காதுலயும் விழலை. சத்தம் இல்லாமதான் எங்ககிட்ட காட்டினார். இன்னிக்கே எடுத்துடுங்க. யாராவது நகல் எடுத்து வெச்சிருந்தா ஒன்னும் பண்ண முடியாது. உங்க பங்குக்கு எடுத்துடுங்க.” மோயா தயங்கினாள். “அந்த விரலையும் நேராக்கிடுங்க. நாலு புள்ளியை நகர்த்தினாப் போதுமே.”

இமோஜன் கிழங்கைத் தட்டில் கொட்டினாள்.

“நேரா வரைஞ்சு பாத்தேன். வேற யாரோ சீட்டு போடுற மாதிரி இருந்துது.” தட்டைத் தூக்கிக்கொண்டாள். “சத்தத்தை எடுத்துடுறேன். விரல் இருக்கட்டும்.”

கூடத்தில் குலுக்கல் தொடங்கியிருந்தது. அவள் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே போனாள்.

திரும்பும் வழியெல்லாம் டெஸ் கார் ஓட்டினான். ஆற்றுப் பாலத்தைத் தாண்டினார்கள். பிறகு, “அந்த மெல்டன் ஒரே ஒரு ஆட்டம் ஆடியிருந்தான்னா, பாஸ். சத்தத்தைப் போட்டுட்டு ஒரே ஒரு ஆட்டம். நாம தேவையே பட்டிருக்கமாட்டோம்,” என்றான்.

“தெரியும்,” என்றாள் மோயா.

*

சனிக்கிழமை காலை மெல்டன் வந்தபோது ஹீட்டரில் அதே ஒரு கம்பி சிவந்திருந்தது. காவல் நிலையத்துக்குப் போய்விட்டு வந்து மோயா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. டெஸ் கதவருகே கால்பந்துப் பக்கத்தை விரித்து உட்கார்ந்திருந்தான், அதே வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு.

“கண்டுபிடிச்சுட்டீங்க,” என்றார் மெல்டன். “உங்க முகத்துல தெரியுது.”

தெரிகிறதா. இத்தனை வருடத்தில் இது முதல்முறை என்று மோயா நினைத்தாள்.

“ஒன்னு கேக்கணும், மிஸ்டர் மெல்டன். அந்த கேம்ல ஜெயிக்கிறது எப்படி?”

“என்ன?”

“உங்க கம்பெனியில செஞ்சதாச்சே. எப்படி ஜெயிக்கிறது?”

“சீட்டாட்டம்தானே. எல்லாரையும்விட அதிகமா எடுக்கணும்.” அவர் கையை அசைத்து அதை ஒதுக்கினார். “அது இப்ப எதுக்கு? ஊர் எது?”

“கோர்ட் உத்தரவு பத்தி என்கிட்ட ஒன்னும் சொல்லலையே நீங்க.”

அவர் கொஞ்சமும் அதிரவில்லை. அதுதான் அவளைக் குளிரவைத்தது. முன்னால் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, பரிவோடு பேசினார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும் என்றார். எல்லாம் ஒரு பக்கக் கதை என்றார். தூக்கம் வரவில்லை என்றார். கேட்கக் கேட்க, உண்மையாகவே தூங்காத கண்கள்தான் அவை என்று மோயாவுக்குத் தெரிந்தது. களைப்பை அவளுக்கு அடையாளம் தெரியும். ஒரு கணம், ஒரே கணம், அவர்மேல் இரக்கம்கூட வந்தது. அந்த இரக்கத்தின் அடியில் எங்கோ ஒரு கார்க் கதவு சாத்திக்கொண்டது.

“நான் போகமாட்டேன். தெருகூட வேணாம்,” என்றார் மெல்டன். “ஊர் பேர் மட்டும். வடக்கா தெக்கா, அதையாவது சொல்லுங்க. நீங்களும் ஒரு பொம்பளைதானே, ஒரு மனுஷன் தவிக்கிறது தெரியாதா?”

கதவருகே செய்தித்தாள் மடியும் ஓசை கேட்டது. கீழே பேக்கரியில் யாரோ ரொட்டித் தட்டுகளை அடுக்கினார்கள்.

மோயா தன் கைகளை மேசைமேல் வைத்தாள். அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு லேசாக ஒரு தட்டு. உள்ளங்கைகளை அவருக்கு முன்னால் மேலே திருப்பிக் காட்டினாள். கீழே திருப்பினாள். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்றாள்.

“இதுக்கு என்ன அர்த்தம்?” என்றார் மெல்டன்.

“சொல்லமாட்டேன்,” என்றாள் அவள்.